கிட்டார் நெக்கின் அடிமுனையில் ஒளிந்திருக்கும் ட்ரஸ் ராட்: கழற்றாமல் திருக வழி உண்டா?

தூத்துக்குடிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கப்பலில் இன்ஜினியராக இருந்த என் பெரியப்பா 1983-ஆம் ஆண்டு யோகோஹாமாவில் வாங்கிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டு மாதிரியைப் பின்பற்றி ஜப்பானில் செய்யப்பட்ட மறுபதிப்பு அது. நெக் தகட்டில் ஜேவி என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் பரணில், பெட்டிக்குள்ளேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பிக்கப்புகள் மூன்றும் வேலை செய்கின்றன. ஃப்ரெட்டுகளும் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) அதிகம் தேயவில்லை.

அதில் இருந்த மெல்லிய, பழைய 9 கேஜ் கம்பிகளைக் கழற்றிவிட்டு, எனக்குப் பழகிய, அதைவிடத் தடித்த 11 கேஜ் செட்டைப் போட்டேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு கம்பிகள் மெல்ல மெல்ல மேலேறி, இப்போது 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 3 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, 17-ஆம் ஃப்ரெட்டை விரலால் அழுத்திக்கொண்டு, 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தேன். (அளந்தது, டூ-வீலர் மெக்கானிக் நண்பர் டேப்பட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜால்.) 0.70 மி.மீ. வந்தது. நெக் முன்பக்கமாக வளைந்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. நெக்குக்குள் ஓடும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும் என்பதும் புரிகிறது.

ஆனால் ராடின் திருகுமுனை தலைப்பக்கம் இல்லை. நெக் உடலோடு சேரும் அடிமுனையில் இருக்கிறது. டார்ச் அடித்து, உடலின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் விளிம்போடு கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தால், கூட்டல் குறி போல வெட்டப்பட்ட ஒரு சிறிய உலோக வட்டத்தின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. அந்த வெட்டுக்குள் பழுப்பு நிறத்தில் துரு. எந்தத் திருப்புளியை எப்படிச் சாய்த்தாலும் அதற்கு நேராக நிற்கவில்லை. கடை ஒன்றில் காட்டியபோது, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களைத் தாழ்த்திவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நெக்கைக் கழற்றாமல் இதைத் திருக வழி உண்டா? கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கம்பிகளின் இழுப்பே இல்லாத நிலையில் எவ்வளவு திருகினால் போதும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கழற்றி, பூட்டி, சுருதி சேர்த்து, அளந்து, மீண்டும் கழற்றுவது என்றால் நாற்பது ஆண்டு பழைய மரத்தில் உள்ள திருகு ஓட்டைகள் என்ன ஆகும் என்று அச்சமாக இருக்கிறது.

ஏழேகால்:

உங்கள் கடைசிக் கவலை மிகச் சரியானது. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். நெக்கை ஒரே ஒரு முறை கழற்றினால் போதும். அதற்கு வேண்டியது கூடுதலாக ஓர் அளவு மட்டுமே.

கம்பிகள் நெக்கை எவ்வளவு தூரம் இழுக்கின்றன என்பதை நீங்கள் கழற்றும் முன்பே அளந்துவிடலாம். நான் 40 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, விளிம்பைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து நேராக்கிய எஃகு ஸ்கேல் ஒன்றை வைத்திருக்கிறேன். சுருதி சேர்த்த நிலையில், டி கம்பிக்கும் ஜி கம்பிக்கும் நடுவே அதை விளிம்பில் நிறுத்தி, முதல் ஃப்ரெட்டிலிருந்து 19-ஆம் ஃப்ரெட்டு வரை படிய வைத்து, நடுவில் 8-ஆம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை அளக்கிறேன். பிறகு கம்பிகளை முழுவதுமாகத் தளர்த்தி, அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் அதே ஸ்கேலை வைத்து மீண்டும் அளக்கிறேன். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பிகளின் இழுப்பு.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சுருதியில் 0.70, தளர்த்திய பின் 0.40 என்று வருவதாக வைத்துக்கொண்டால், இந்தக் கம்பிகள் இந்த நெக்கை 0.30 இழுக்கின்றன. 7.25 அங்குல வளைவுள்ள விரல்பலகைக்கு ஃபெண்டர் சொல்லும் ரிலீஃப் (நெக்கின் நடுவில் இருக்க வேண்டிய சிறு பள்ளம்) 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.30 மி.மீ. ஆகவே கம்பி இல்லாத நிலையில் நெக் பூஜ்யத்தில், அதாவது மட்டமாக, இருக்க வேண்டும். நெக்கைக் கழற்றி மேசை மேல் வைத்து, ஸ்கேலுக்கு அடியில் எந்த ஃப்ரெட்டிலும் வெளிச்சம் கசியாத வரை ராடை இறுக்கிவிட்டுப் பூட்டினால், கம்பிகள் ஏறியதும் நெக் தானாகவே 0.30-க்கு வந்து நிற்கும். சுற்றை எண்ணத் தேவையில்லை. ஒரு நெக்கில் கால் சுற்று செய்யும் வேலையை இன்னொரு நெக்கில் முக்கால் சுற்று செய்யும் என்பதால், எத்தனை சுற்று என்ற கேள்விக்கே பொதுவான விடை கிடையாது.

இது ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் பழைய வகை ராட் என்பதையும் நினைவில் வையுங்கள். நெக்குக்குள் வளைவாகப் பதிக்கப்பட்ட ஒற்றைக் கம்பி. இறுக்கினால் அது நேராக முயன்று நெக்கின் நடுப்பகுதியை விரல்பலகைப் பக்கமாகத் தள்ளும், தளர்த்தினால் விட்டுவிடும், அவ்வளவுதான். அடிமுனையை உங்கள் பக்கம் திருப்பிவைத்துப் பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும்.

இந்தத் தொல்லை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். திருகி இறுக்கும் ராடுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றவர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய டேடியஸ் மெக்ஹியூ. கிப்சன் கிட்டார்களில் திருகுமுனை தலைப்பக்கம், மணி வடிவச் சிறு மூடிக்கு அடியில் இருக்கும். லியோ ஃபெண்டரோ 1950-ல் தம் முதல் கிட்டார்களை ராட் இல்லாமலேயே வெளியிட்டார். கெட்டியான மேப்பிள் மரமே தாங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நெக்குகள் வளையத் தொடங்கியதும் ராடை வைக்க வேண்டி வந்தது. நெக் நான்கு திருகுகளில் கழன்றுவிடும் கிட்டார் என்பதால், திருகுமுனையை அடியில் வைத்தது அவருக்குப் பெரிய குறையாகத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். தலைப்பக்கம் மரத்தைக் குடையாததால் அந்த இடம் வலுவாக இருக்கிறது என்ற நன்மையும் உண்டு. 1971-ன் இறுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் திருகுமுனை தலைப்பக்கம் மாறியது. உங்களுடையது அதற்கு முந்தைய வடிவத்தின் நகல்.

கடையில் சொன்னதைச் செய்யாதீர்கள். சேடிலைத் தாழ்த்தினால் 12-ஆம் ஃப்ரெட்டில் உயரம் குறையும். நெக்கின் நடுவில் உள்ள பள்ளம் அப்படியே இருக்கும், உச்சியில் உள்ள ஃப்ரெட்டுகளில் கம்பி உரசவும் தொடங்கும்.

வாசித்துப் பழகுபவன்:

நெக்கைக் கழற்றாமலேயே செய்யலாமே. நான் ஃபெண்டரின் இன்னொரு மாதிரியான டெலிகாஸ்டர் மறுபதிப்பில் இப்படித்தான் செய்கிறேன்: கம்பிகளைத் தளர்த்தி, அவை சுருணைகளிலிருந்து அவிழாமல் இருக்க முதல் ஃப்ரெட்டில் கேப்போவை இறுக்கி, நெக் தகட்டில் பிரிட்ஜ் பக்கம் உள்ள இரண்டு திருகுகளை முழுவதுமாக எடுத்துவிட்டு, தலைப்பக்கம் உள்ள இரண்டையும் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தினால், நெக்கின் அடிமுனை பள்ளத்திலிருந்து மேலே எழும்பி ராட் முனை கண்ணுக்குத் தெரியும். திருப்புளி நேராக நுழையும். பத்து நிமிட வேலை.

இல்லையென்றால், பிக்கார்டில் ஒரு சிறு பிறை வடிவம் வெட்டி, அதற்கு அடியில் உள்ள மரத்திலும் சிறிது குடைந்துவிட்டால் எப்போதும் வெளியிலிருந்தே திருகலாம். எல் வடிவத்தில் வளைந்த தட்டையான கருவிகள் இதற்கென்றே விற்கின்றன.

மரவேலை:

நண்பர் சொன்ன முதல் வழி வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் இரண்டு இடர்கள் உள்ளன. சாய்ந்து நிற்கும் நெக்கின் முழு எடையும் பாதி கழன்ற இரண்டு மரத்திருகுகளில் தொங்கும். அந்த நேரத்தில் தலைப்பக்கம் கைபட்டால் ஓட்டைகளின் வாய் விரிந்துவிடும். நெக் பள்ளம் இறுக்கமாக உள்ள கிட்டாரில், அடிமுனை எழும்பும்போது பள்ளத்தின் ஓரத்தில் உள்ள வார்னிஷைப் பெயர்த்துக்கொண்டும் வரும். 1960-களின் நைட்ரோ வார்னிஷ் பூசிய அமெரிக்கக் கிட்டார்களில் இப்படிப் பெயர்ந்த ஓரங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். முழுவதும் கழற்றி நேராகத் தூக்குவதே பாதுகாப்பு.

இரண்டாவது வழியைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுடையது ஃபெண்டரின் ஜப்பானிய மறுபதிப்பு வரிசையின் தொடக்க காலத்தில் வந்த கிட்டார். அதைத் தேடி வாங்குபவர்கள் உடலில் ஓர் உளிப்பட்ட தடம் தெரிந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுவார்கள். விற்கும் எண்ணம் இல்லை என்பீர்கள். இருந்தாலும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்யும் வேலைக்காகத் திரும்பப் பெற முடியாத மரத்தை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிக்கார்டை மட்டும் கழற்றினால் போதுமே என்று கேட்பவர்களுக்கு: ஸ்ட்ராட்டில் அதன் பதினொரு திருகுகளையும் எடுத்தாலும், நெக் பள்ளத்துக்கும் பிக்கப் குழிக்கும் நடுவில் உள்ள மரத்திட்டு திருப்புளியை மறித்து நிற்கும்.

கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ஜப்பானியத் திருகுகளின் கூட்டல் வெட்டு, நாம் வழக்கமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். ஜப்பானிய பைக்குகளின் கார்புரேட்டர் திருகுகளை மழுக்கியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். நெக் பள்ளத்தின் அடியில் மெல்லிய அட்டையோ ஃபைபர் துண்டோ இருந்தால், அது எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படம் எடுத்துவைத்து அங்கேயே திரும்ப வையுங்கள். நெக்கின் கோணத்துக்காக வைக்கப்பட்டது அது. நெக்கின் அடியில் பென்சில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் துடைத்துவிடாதீர்கள்.

பூட்டும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் இடஞ்சுழியாகத் திருகுங்கள். பழைய மரையின் வாயில் அது டக்கென்று விழுவது விரல்களுக்குத் தெரியும். அதன் பிறகு வலஞ்சுழியாக இறுக்கினால் புதிய மரை வெட்டாது, எத்தனை முறை கழற்றினாலும் ஓட்டை தளராது. திருகின் மேல் மெழுகுவத்தியைத் தேயுங்கள். சிலர் சோப்பைத் தேய்ப்பார்கள். அது ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும், அதிலும் நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. 11 கேஜ் கட்டாயம்தானா? சாதாரணச் சுருதியில் 9 கேஜ் செட்டின் மொத்த இழுப்பு ஏறத்தாழ 38 கிலோ, 10 கேஜ் 46, 11 கேஜ் 53. இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த நெக்கின் மேல் ஒரே நாளில் 15 கிலோவைக் கூட்டியிருக்கிறீர்கள். நான் என்றால் 10 போடுவேன்.

தூத்துக்குடிக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்கேல் செய்து அளந்தேன். சுருதியில் 0.70, தளர்த்திய பின் 0.42. ஏழேகால் அண்ணன் ஊகித்த எண்ணுக்கு மிக அருகில் வந்தது வியப்பாக இருந்தது.

நெக்கையும் கழற்றிவிட்டேன். பள்ளத்தில், தீப்பெட்டி அட்டை அளவுக்குத் தடிமனான ஒரு துண்டு பிரிட்ஜ் பக்கச் சுவரை ஒட்டி இருந்தது, படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் ராட் நட்டு, அதாவது அந்தத் திருகுமுனை, அசையவில்லை. (தலைப்பக்கம் கம்பிகள் படியும் எலும்பு நட்டையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது எழுதும்போதுதான் குழப்பமாக இருக்கிறது.) வெட்டு முழுவதும் துருப்பொடி. சிறிது பலம் கொடுத்ததும் திருப்புளி நழுவி வெட்டின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கீறல் விழுந்தது. உடனே நிறுத்திவிட்டேன். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா?

ஏழேகால்:

நிறுத்தியது நல்லது. ஸ்ப்ரே வேண்டாம். நெக்கின் அடிமுனையில் மரத்தின் நார்கள் வெட்டுப்பட்ட வாய்களோடு திறந்திருக்கின்றன. எண்ணெய் பட்டால் உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும், கறையும் போகாது. ஸ்ப்ரேயை ஒரு மூடியில் பீய்ச்சி, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு துளியை மட்டும் நட்டின் நடுவில், ராடின் மரை தெரியும் இடத்தில் வையுங்கள். நெக்கைத் தலை கீழாக, அடிமுனை மேலாக நிறுத்தி ஓர் இரவு விடுங்கள்.

காலையில் வெட்டுக்குள் உள்ள துருவைத் தையல் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, வெட்டின் முழு அகலத்தையும் ஆழத்தையும் நிறைக்கும் தட்டையான திருப்புளியைப் பொருத்துங்கள். கூட்டல் குறியின் ஒரு கோடு போதும். ஸ்டார் திருப்புளியின் கூம்பு நுனி இதில் ஆழமாக உட்காராது, அதனால்தான் உங்களுக்கு நழுவியிருக்கிறது. முதலில் இறுக்க முயலாதீர்கள், தளர்த்த முயலுங்கள். அப்போதும் அசையாவிட்டால், சூடான சால்டரிங் அயர்ன் முனையை நட்டின் முகத்தில் இரண்டு மூன்று நிமிடங்கள் வைத்து எடுங்கள். உலோகம் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். சுற்றியுள்ள மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழன்று வந்ததும் பாதியில் நிற்காமல் நட்டை முழுவதும் வெளியே எடுங்கள். மரையைப் பழைய டூத் பிரஷால் சுத்தம் செய்து, கடுகளவு கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். நட்டு மரத்தில் அழுந்திப் பள்ளம் பறித்திருந்தால் அல்லது மரையின் எல்லையை எட்டியிருந்தால், இடையில் ஒரு வாஷர் போட வேண்டியிருக்கும்.

மரவேலை:

இறுக்கும் வேலையை ராடிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கைகள் போதாது, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நெக்கின் இரண்டு முனைகளையும் மேசை விளிம்பில் துணி மடிப்புகளின் மேல், ஃப்ரெட்டுகள் கீழே பார்க்கும்படி தாங்கவைத்து—

பொறுங்கள், தவறாக எழுதிவிட்டேன். அப்படி அழுத்தினால் நெக்கின் நடுப்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம்தான் போகும், ஆனால் முழு எடையும் ஃப்ரெட்டுகளின் மேல் விழும். மடிப்புகளை முதல் ஃப்ரெட்டுக்கும் எலும்பு நட்டுக்கும் இடையில் உள்ள மரத்திலும், கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால் உள்ள மரத்திலும் மட்டும் கொடுங்கள். பிறகு நெக்கின் முதுகில், நடுவில், உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் நட்டைத் திருகட்டும். மரம் ஏற்கெனவே பின்னோக்கி வந்திருப்பதால் நட்டு சுமையில்லாமல் சுற்றும். ராட் அந்த நிலையைப் பிடித்துவைக்கும் வேலையை மட்டும் செய்யும். பழைய ராடுகளில் மரை கழல்வது பெரும்பாலும், வளைந்த மரத்தை நட்டின் பலத்தாலேயே நிமிர்த்த முயலும்போதுதான்.

ஒரு நாளில் எட்டில் ஒரு சுற்று, கூடினால் கால் சுற்று. மறுநாள் அளந்து பார்த்துத் தொடருங்கள்.

தூத்துக்குடிக்காரன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு துளி எண்ணெயோடு இரண்டு இரவுகள் விட்டும் அசையாத நட்டு, சால்டரிங் அயர்ன் வைத்த இரண்டாவது முறை ‘கிறீச்’ என்று ஒரு சிறு ஒலியோடு இடப்பக்கம் நகர்ந்தது. வெளியே எடுத்தபோது மரைக்குள்ளிருந்து செங்கல்பொடி போல் உதிர்ந்தது. மரத்தில் அழுந்திய தடம் லேசாகத்தான் இருந்தது என்பதால் வாஷர் தேவைப்படவில்லை.

பெரியப்பா நெக்கின் முதுகில் கைவைத்து அழுத்திக்கொள்ள, நான் திருகினேன். முதல் நாள் கால் சுற்று, இரண்டாம் நாள் எட்டில் ஒரு சுற்று. ஸ்கேலுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோடு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி ஒடுங்கி, 7-ஆம், 8-ஆம் ஃப்ரெட்டுகளில் ஒரு மயிரிழையாக நின்று, பிறகு இல்லாமல் போனது. அட்டைத் துண்டை அதன் இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். திருகுகள் பழைய மரையில் விழும் அந்த ‘டக்’ நான்கிலும் தெரிந்தது. மரவேலை அண்ணன் சொன்னபடி 10 கேஜ் கம்பிகள் போட்டேன்.

சுருதி சேர்த்து மூன்று நாள்களுக்குப் பின் ரிலீஃப் 0.26 மி.மீ. இழுப்பு குறைந்த கம்பிகள் என்பதால் 0.28-க்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சேடில்களைத் தொடாமலேயே 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 2.3 மி.மீ.க்கு இறங்கிவிட்டது, ஒரு சிறு திருகலில் 2 மி.மீ. ஆக்கினேன். 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் பி கம்பியைப் பெண்ட் செய்யும்போது (விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது) மட்டும் ஒலி அடைபட்டு நின்றுவிடுகிறது.

ஏழேகால்:

அது ராடின் குற்றமல்ல. 7.25 அங்குல வளைவுள்ள விரல்பலகையில், பெண்ட் செய்யும் கம்பி பலகையின் மேட்டை நோக்கி நகர்ந்து அடுத்த ஃப்ரெட்டுகளில் உரசும். பி, ஈ கம்பிகளின் சேடில்களைக் கால் மி.மீ. உயர்த்திப் பாருங்கள். அப்போதும் அடைபட்டால், நெக் உடலோடு சேரும் இடத்தில் பலகை மேலெழும்பியிருக்கிறதா என்பதை அந்த ஸ்கேலை 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 21-ஆம் ஃப்ரெட்டு வரை வைத்துப் பாருங்கள். அங்கே எழும்பியிருந்தால் ராடை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. அந்த ஃப்ரெட்டுகளை மட்டும் சமன் செய்ய வேண்டும்.